எல்லாத் துறைக்கும் ஒரே அளவுகோலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டு ஆய்வாளரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைகளுக்கு உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் டைம்ஸ் உயர்கல்வித் தரவரிசை தனி மதிப்பெண் தருகிறது. இயற்பியலுக்கு அது சரி. அணுவினும் நுண்ணிய ஹிக்ஸ் துகளின் நிறையை அளவிட்ட 2015ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்கள் 5,154 பேர். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான்!

ஆனால் கல்வெட்டியல்? கோயில் சுவரில் உள்ள கல்வெட்டைப் படியெடுத்து, தேய்ந்த வட்டெழுத்தை (பழைய தமிழ் எழுத்துமுறை) வாசித்து, ஊர்ப்பெயர்களைச் சரிபார்க்க வருடக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் ஒருவரே உட்கார்ந்து செய்கிற வேலை. தமிழில் எழுதினால்தான், அதைச் சோதித்துப் பார்த்து மறுக்கக்கூடியவர்கள் படிப்பார்கள். அப்படிப்பட்ட கட்டுரை ஸ்கோபஸ் போன்ற பன்னாட்டு ஆய்விதழ்ப் பட்டியல்களில் ஏறுவது அரிது. மத்திய அரசு வெளியிடும் நம் என்.ஐ.ஆர்.எஃப். கல்வி நிறுவனத் தரவரிசையும் ஆய்வுக் கட்டுரைகளை எண்ண அவற்றையே நம்புகிறது. இது பெரிய அநியாயம். பல்கலைக்கழகங்களின் பதவி உயர்வுக் குழுக்களாவது கட்டுரையை அந்தத் துறை அறிஞர்களிடம் கொடுத்து, வாசிக்கச் சொல்லி மதிப்பிடட்டும்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்