கல்யாண வீடியோவுக்கு எத்தனை காப்பி? கடலூர் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன்களுக்கு வணக்கம்.

நான் திருப்பாப்புலியூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன். படுத்துப்போன ஹார்ட் டிஸ்க்கோடு வருகிறவர்களிடம் பேக்கப் இல்லையா என்று கேட்டால், 'இருக்கே, டி டிரைவில் ஒரு காப்பி போட்டிருக்கேனே' என்கிறார்கள். அதே டிஸ்க்கில் இருக்கிற டி டிரைவ்! டிஸ்க் போனால் சி-யும் டி-யும் சேர்ந்துதான் போகும், அது எப்படி பேக்கப் ஆகும்?

கொஞ்சம் வசதியானவர்கள் ரெய்டு பெட்டி (பல டிஸ்க்கைச் சேர்த்துப் போடும் பெட்டி) வாங்கி மிரர் போட்டு, அதாவது ஒரே ஃபைல் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வைக்கிறீர்கள். ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது, அந்த வகையில் நல்லதுதான். ஆனால் எடிட்டிங் பையன் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அந்த நொடியே அழியும், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வைரஸ் புகுந்தால் இரண்டையும் சேர்த்தே பூட்டிவிடும். கூகுள் டிரைவ் சிங்க்கும் அதே கதைதான். இங்கே அழித்தது அங்கேயும் அழியும், டிராஷில் 30 நாள் கிடக்கும், அதற்குள் கவனித்தால் பிழைத்தீர்கள்.

கிளவுடில் போட்டாச்சு என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒன்று. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் ஃபைல்களைப் போட்டு வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற கிளவுடில் 858 டிபி போயே போய்விட்டது, ஏனென்றால் வெளியில் வேறு காப்பியே இல்லை.

3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு, அதைப் பிரபலமாக்கியவர் பீட்டர் குரோக், அமெரிக்காக்காரர், உங்களைப் போலவே போட்டோகிராபர். மொத்தம் 3 காப்பி, 2 வகை மீடியாவில் (ஹார்ட் டிஸ்க், கிளவுட் மாதிரி), அதில் 1 வெளியூரில். நம்மூரில் இடிப்பது இந்த வெளியூர்தான். பாண்டிச்சேரியில் மச்சான் வீட்டில் கொடுத்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்ததே இரண்டு ஊருக்கும் நடுவில்தான். 2024-இல் ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரியைப் புரட்டிப் போட்டது, அடுத்த இரண்டே நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணை வழியாக இங்கே வந்து நின்றது. விழுப்புரமும் தப்பவில்லை. திருச்சியோ சேலமோ, அப்படித் தள்ளிப் போய் யோசியுங்கள்.

அவ்வளவையும் கிளவுடில் ஏற்ற முடியுமா என்பீர்கள். நியாயம்தான், ஒரு கல்யாணத்துக்கு 500 ஜிபி என்றால் 50 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் 22 மணி நேரத்துக்கு மேல் ஓடும். சரி, ஒரிஜினல் ஃபுட்டேஜ் வெளியூர் டிஸ்க்குக்குப் போகட்டும், தேர்ந்தெடுத்த படங்களையும் முடிந்த வீடியோவையும் மட்டும் கிளவுடில் ஏற்றுங்கள். அப்புறம், அந்த டிஸ்க்கை எப்போதாவது எடுத்து நாலு ஃபைலையாவது திறந்து பாருங்கள்.

நான் கேட்பது இதுதான். தை முகூர்த்தத்துக்குப் புது பில் புக் அடிக்கும்போது, எத்தனை காப்பி, எந்தெந்த ஊரில், எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்று அதிலேயே போடுங்கள். ஆறு மாதம்தான் முடியும் என்றால் ஆறு மாதம் என்றே போடுங்கள், அதற்குள் பென்டிரைவோடு வந்து வாங்கிக்கொள்வது கல்யாண வீட்டுக்காரர்கள் பாடு.