பாலக்கோட்டிலிருந்து பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா அனுப்பின கேழ்வரகு மாவு கிடைத்ததா? போர்க்கைதியாகிவிட்டால் ராணுவ அதிகாரிக்கு என்ன அதிகாரம் மிச்சமிருக்கும் என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை.

போர்க்கைதிகளுக்கான 1949 ஜெனீவா ஒப்பந்தம், 17-ம் பிரிவு. பெயர், ராங்க், பிறந்த தேதி, படை எண். இதற்குமேல் சொல்லக் கடமையில்லை. 2019-ல் பாகிஸ்தானிடம் பிடிபட்ட நம் விமானி அபிநந்தன், எந்த விமானம் ஓட்டினாய் என்று கேட்டபோது வாய் திறக்காதது அதனால்தான். அவர் மூன்றாம் நாள் திரும்பிவிட்டார். வருஷக்கணக்கில் அடி விழுந்தால் இந்த நான்கோடு நிற்பவர் அபூர்வம். வியட்நாம் போரில் அமெரிக்கக் கைதிகளுக்கு ஹனோயில் ஹோவா லோ சிறையில் அதுதான் நடந்தது. அடி தாங்காமல் பேசிவிட்டவன் வெட்கப்பட்டு மற்றவர்களிடமிருந்து ஒதுங்குவான். சிறைக்காரனுக்கு வேண்டியது அதுவே.

1965 செப்டம்பரில் பிடிபட்ட அமெரிக்க விமானி ஸ்டாக்டேல் அங்கே மூத்த கடற்படை அதிகாரி. ‘எதுவுமே சொல்லாதே’ என்று அவர் உத்தரவிடவில்லை. மீறப்படும் என்று தெரிந்த உத்தரவு ஆளைத்தான் உடைக்கும். பலர் முன்னால் தலைவணங்காதே, வானொலியில் பேசாதே, குற்றத்தை ஒப்புக்கொள்ளாதே என்று சிலவற்றை மட்டும் குறித்து, அடி வாங்குவதானால் இவற்றுக்காக வாங்கு என்றார். அடிபட்டு வந்தவனுக்கு அடுத்த அறையிலிருந்து முதலில் போகும் சேதி, ‘எங்களுக்கும் அதேதான் நடந்தது’ என்பது.

சேதி போனது சுவர் வழியாக. நீ சிக்னல்ஸ் (ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவு), உனக்குப் பிடிக்கும். ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் எழுத்துகள். ஆங்கில எழுத்து 26 என்பதால் ‘கே’யை எடுத்துவிட்டு ‘சி’யையே அதற்கும் வைத்தார்கள். முதல் தட்டுகள் வரிசை, சிறு இடைவெளி, பிறகு அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்து. ‘எம்’ என்றால் மூன்று, பிறகு இரண்டு. குட்டை, நெட்டை ஒலிகளால் எழுத்தைக் குறிக்கும் மோர்ஸ் ஏன் ஆகவில்லை? சுவரில் தட்டினால் குட்டையும் நெட்டையும் ஒரே சத்தம்தான். இதில் கெடுவது இடைவெளி. அவசரப்பட்டால் இரண்டு எண்ணும் ஒட்டிக்கொள்ளும். (நம் 247 எழுத்துக்குக் கட்டம் போட்டால் சுவர் போதாது.)

டக்ளஸ் ஹெக்டால் என்ற கடைநிலை மாலுமியைக் காவலர்கள் மந்தபுத்திக்காரன் என்றே நம்பினார்கள். அவன் 250-க்கு மேற்பட்ட கைதிகளின் பெயர்களைச் சிறுவர் பாட்டு மெட்டில் மனப்பாடம் செய்திருந்தான். யாரும் முன்கூட்டியே விடுதலை வாங்கிப் போகக்கூடாது என்பது கைதிகளின் விதி. அவனுக்கும் போக மனமில்லை. மேலதிகாரி உத்தரவு போட்டுத்தான் 1969-ல் வெளியே அனுப்பினார், அந்தப் பட்டியல் ஊர் போய்ச் சேரட்டும் என்று.

உன் ஆட்கள் எல்லார் பெயரும் சொந்த ஊரும் உனக்குப் பாடமா? ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பேன்.

அப்பா