மூன்றாவது கார்னர்பேக்கைப் பற்றி மகளுக்கு

டஸ்கலூசா, அலபாமா
25 ஜனவரி 2026

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, ஓரளவாவது தூங்குகிறாய் என்று நம்புகிறேன்.

நீ வேலை பார்க்கும் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்ன கணக்கு இந்த ஏழு நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுப்பதற்கான காலம் 16-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்றும், சென்ற பருவத்தில் 14 பேராக இருந்த உங்கள் செகண்டரி, அதாவது எதிரணியின் வீச்சுகளைத் தடுக்கும் பின்வரிசை, இப்போது 15 பேராகிவிட்டது என்றும் சொன்னபோது உன் குரலில் இருந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நல்லது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அந்தக் கணக்கை எழுதிப் பார்த்தேன். தொலைபேசியில் பேசினால் இது துண்டு துண்டாகத்தான் வரும் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

14 பேரில் இருவருக்கு ஆடும் தகுதிக்காலம் முடிந்தது. ஒருவன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறான். நான்கு பேர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் ஏழு பேர். வெளியிலிருந்து ஐந்து பேரைக் கொண்டுவந்தீர்கள், பள்ளிப் படிப்பை முடித்து மூன்று பேர் வருகிறார்கள். ஓரங்களில் நிற்கும் கார்னர்பேக் இருவர், ஆழத்தில் நிற்கும் சேஃப்டி இருவர், ஐந்தாவதாக உள்ளே நிற்கும் நிக்கல் ஒருவன் என்று களத்தில் ஐந்து இடங்கள். இடத்துக்கு மூன்று பெயர். தாளில் பார்க்கும்போது குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, உங்கள் பயிற்சியாளரின் சொற்களை அவன் எத்தனை நாள் காதால் கேட்டிருக்கிறான் என்று இன்னொரு எண்ணை எழுதிப் பார். எட்டுப் பேருக்கு எதிரே பூஜ்யம் வருகிறது, அம்மா.

நீ சிறுமியாக இருந்தபோது செகண்டரியை நான் 'கடைசிக் காவல்' என்று சொல்லிக்கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். முன்வரிசையில் நிற்பவன் ஒருவன் தவறினால் நான்கைந்து யார்டு போகும்; அவனுக்குப் பின்னால் வேறு யாராவது பிடித்துவிடுவார்கள். கடைசிக் காவலில் ஒருவன் தவறினால் அவனுக்குப் பின்னால் வெறும் புல்தரையும் கோல் கோடும்தான் இருக்கின்றன. பந்து நகர்வதற்கு முந்தைய சில விநாடிகளில் எதிரணி, வீச்சைப் பிடிக்க ஓடும் ஒரு ரிசீவரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தினால், சேஃப்டி ஒரு சொல்லை உரக்கச் சொல்ல வேண்டும். நிக்கல் அதைக் கேட்டுத் தன் ஆளை மாற்ற வேண்டும். கார்னர்பேக் உள்ளே நிற்பதா வெளியே நிற்பதா என்று முடிவு செய்ய வேண்டும். ஐந்து பேரும் ஒரே உடலின் விரல்களைப் போல அசைய வேண்டும். ஒரே தடுப்பு முறைக்கு ஒவ்வொரு கல்லூரியிலும் வேறு பெயர். அதைவிடக் கொடியது, ஒரே பெயர் இரண்டு கல்லூரிகளில் இரண்டு பொருளைத் தருவது. போர்ட்டலில் வரும் பையன் திறமையையும் வேகத்தையும் தன்னுடன் கொண்டுவருகிறான். பழைய சொற்களையும் கொண்டுவருகிறான். செவிகொள்ளாத இரைச்சலில் களைத்து நிற்கும்போது அவன் வாயில் முதலில் வருவது அந்தப் பழைய சொல்தான்.

2024-ஆம் ஆண்டை நினைத்துப் பார். அந்த ஜனவரி 10-ஆம் தேதி நம் அலபாமா அணியின் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வு பெற்றார். தலைமைப் பயிற்சியாளர் விலகினால் வீரர்களுக்கு அன்றைய விதிப்படி 30 நாள் போர்ட்டலின் வாயில் திறக்கும். முதலாண்டிலேயே 107 டேக்கிள் செய்து, அதாவது பந்தோடு வந்தவர்களை அத்தனை முறை பிடித்து வீழ்த்தி, அணியில் முதலாவதாக நின்ற கேலப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனான். நீ அன்று சாப்பிடாமல் அறைக்குள்ளேயே இருந்தாய். அதற்கு முன்பே டெரியன் ஆர்னல்டும் கூல்-எய்ட் மெக்கின்ஸ்ட்ரியும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதென்று முடிவு செய்திருந்தார்கள். எல்லோரும் இந்த மூவரைப் பற்றிப் பேசினார்கள். எனக்கோ டிரே ஏமஸைப் பற்றித்தான் கவலையாக இருந்தது.

லூயிசியானா பல்கலைக்கழகத்திலிருந்து 2023-இல் இங்கே வந்து, ஆர்னல்டுக்கும் மெக்கின்ஸ்ட்ரிக்கும் அடுத்த மூன்றாவது கார்னர்பேக்காக ஓர் ஆண்டு முழுவதும் நின்றவன் அவன். அடுத்த பருவத்தில் முன்னால் இருந்த இருவரும் போய்விட்டார்கள், அவன் இடம் காலியாகக் காத்திருந்தது. ஆனால் அவன் ஓல் மிஸ்ஸுக்குப் போய்விட்டான். அங்கே ஓர் ஆண்டு ஆடியபின், தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் 2025 டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் வாஷிங்டன் அணி அவனைத் தேர்ந்தெடுத்தது. அதாவது, நம் வரிசையில் மூன்றாவதாக நின்றவன் தொழில்முறை அணி ஒன்று இரண்டாம் சுற்றில் எடுக்கும் தரத்தில் இருந்தான். ஆழம் என்று நீங்கள் சொல்வது அதைத்தான். முதல் இருவர் போவார்கள் என்பது எந்த அணியின் கணக்கிலும் இருக்கும். மூன்றாமவன் போகும்போதுதான் தரை விரிசல் விடுகிறது.

காலியான இடங்களை நிரப்ப, கார்னர்பேக்காக சதர்ன் கலிஃபோர்னியாவிலிருந்து டொமானி ஜாக்சன் வந்தான்; சேஃப்டியாக மிச்சிகனிலிருந்து கியோன் சாப் வந்தான். களத்தின் மற்ற ஓரத்தில், ஜாக்சன் படித்த அதே மேட்டர் டெய் பள்ளியிலிருந்து நேராக வந்த ஸேபியன் பிரௌன் முதலாண்டிலேயே நிற்க வேண்டியதாயிற்று. புதிய பயிற்சியாளர் கேலன் டிபோர், புதிய தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் கேன் வோமாக், புதிய சொற்கள். பழைய தூணாக மிஞ்சியது, ஐந்தாம் ஆண்டும் இங்கேயே இருப்பதென்று தீர்மானித்த மலக்காய் மூர் ஒருவன்தான்.

செப்டம்பர் 28-ஆம் தேதி ஜார்ஜியாவுடன் நடந்த ஆட்டத்துக்கு நாம் இருவரும் போயிருந்தோம். 28 புள்ளிகள் முன்னிலையில் இருந்த நம் அணி, கடைசி மூன்று நிமிடங்களுக்குள் 34-33 என்று பின்தங்கியது. அந்த முன்னிலையை ஜார்ஜியாவுக்குக் கொடுத்தது 67 யார்டு போன ஒரே வீச்சு. அடுத்த ஸ்னாப்பிலேயே, அதாவது பந்து அடுத்து ஆட்டத்துக்கு வந்த உடனேயே, ரையன் வில்லியம்ஸ் வீச்சைப் பிடித்து ஓடி, மொத்தம் 75 யார்டு கடந்து மீட்டுக்கொடுத்தான். பிறகு கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ட் ஸோனுக்கு வந்த பந்தை அந்த முதலாண்டுப் பையன் பிரௌன் இடைமறித்துப் பிடித்தபோது நீ என் தோளைப் பிடித்து உலுக்கியது இன்னும் வலிப்பதுபோல் இருக்கிறது. ஒரு லட்சம் பேர் எழுந்து நின்ற அந்த இரவில் நம் கடைசிக் காவலுக்கு ஒரு குறையும் இல்லை என்றே நானும் நம்பினேன். சரியாக ஒரு வாரம் கழித்து, முதலிடத்தில் இருந்த நம்மை வாண்டர்பில்ட் 40-35 என்று வென்றது. 60 நிமிட ஆட்டத்தில் 42 நிமிடங்கள் பந்து அவர்களிடமே இருந்தது. பந்தை முன்னேற்ற அவர்கள் செய்யும் மூன்றாவது முயற்சியான மூன்றாவது டவுனில் ஒவ்வொரு முறையும் நம் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கைகளை விரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திறமை ஒரு வாரத்தில் குறைந்துவிடவில்லை; நீண்ட நேரம் களத்தில் நிற்கும்போது ஒருவன் சொல்வது இன்னொருவனுக்கு எட்டவேண்டும், அந்தப் பழக்கம் இன்னும் முதிரவில்லை.

அதன் பிறகு நடந்ததைத்தான் நீ முக்கியமாக எண்ணிப் பார்க்க வேண்டும். அக்டோபரில் டென்னஸீயுடன் ஆடியபோது சாப்பின் பாதத்தில் அடிபட்டு, அவனுடைய பருவம் அத்தோடு முடிந்தது. அவன் இடத்தில் வந்து நின்றவன் பிரே ஹப்பர்ட். மிசிசிப்பியின் ஓஷன் ஸ்ப்ரிங்ஸ் பள்ளியில், பந்தை வீசும் குவார்ட்டர்பேக்காக ஆடியவன். சேபன் காலத்தில் இங்கே வந்தவன். அவரும் போய், உடன் ஆடியவர்களும் கூட்டமாகப் போன அந்த ஜனவரியில் போகாமல் இருந்தவன். அவனுக்கு முன்னால் நிற்க வெளியிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்தபோது அவன் கோபித்துக்கொண்டு கிளம்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவன் அப்படிக் கிளம்பியிருந்தால் நவம்பர் மாதம் அந்த இடத்தில் யார் நின்றிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு இப்போதும் கலக்கமாக இருக்கிறது.

இதை வைத்து வெளியிலிருந்து ஆள் எடுப்பதே தவறு என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதே. அதே ஆண்டு ஒஹாயோ ஸ்டேட் ஆடியதைப் பார். டவுன்ஸ் நம்மிடமிருந்து போனவன். டேவிசன் இக்பினோசன் அதற்கு முந்தைய ஆண்டு ஓல் மிஸ்ஸிலிருந்து வந்தவன். ஆனால் லேதன் ரேன்சம் அங்கே 2020-இலிருந்தும், டென்சல் பர்க்கும் ஜோர்டன் ஹேன்காக்கும் 2021-இலிருந்தும் இருந்தார்கள். ஐந்தில் மூன்று பேர் அந்த வீட்டிலேயே வளர்ந்தவர்கள். வந்த இருவரில் ஒருவன் ஏற்கெனவே ஓர் ஆண்டு பழகியவன். முற்றிலும் புதியவன் டவுன்ஸ் மட்டுமே. அவர்கள் 16 ஆட்டங்கள் ஆடி, ஆட்டத்துக்குச் சராசரியாக 12.9 புள்ளிகள் மட்டும் விட்டுக்கொடுத்து, 2025 ஜனவரி 20-ஆம் தேதி நோட்ர டேமை 34-23 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். புதியவனுக்குச் சொல்லைக் கற்றுத்தர அங்கே மூன்று வாய்கள் இருந்தன. உங்கள் பட்டியலில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

நான் 22 ஆண்டுகள் கார் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டைக் கவனித்தவன். கதவு பொருத்தும் வரிசையிலிருந்து பழைய ஆட்கள் மூவர் பகல் ஷிஃப்டுக்குப் போனபோது, வேறு ஊரிலிருந்து தேர்ந்த கைகள் மூன்று வந்தன. முதல் மாதம் வேலை முன்பைவிட வேகமாகவே நடந்தது. ஒருநாள் ஒருவர் விடுப்பில் போக, அவர் இடத்துக்கு அடுத்த இடத்து ஆள் நகர்ந்தபோதுதான், பக்கத்தில் இருப்பவரின் வேலையை யாருமே அறிந்திருக்கவில்லை என்பது தெரிந்தது. உன் கணக்கைப் பார்த்ததும் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது.

பையன்கள் இடம் மாறுவதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. 2018-இல் போர்ட்டல் வந்த பிறகும்கூட, மாறிப் போகும் பையன் பொதுவாக ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டியிருந்தது. அவனை அழைத்துவந்த பயிற்சியாளரோ நடுவிலேயே வேறு வேலைக்குப் போகலாம். அது நியாயமே அல்ல. 2021-இல் ஒருமுறை தடையின்றி மாறலாம் என்றார்கள். 2024-இல் படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாகிவிட்டது. அந்த உரிமை அவர்களுக்கு உரியது. அதனால்தான் தங்கியிருப்பதற்கு ஒரு காரணத்தை அவர்களுக்குக் கொடுக்கும் பொறுப்பு உன்னைப் போன்றவர்களின் மேல் வந்து விழுகிறது. காசு ஒரு காரணம்தான். ஆனால் நீங்கள் வெளியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு கார்னர்பேக்கும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்கு நீங்கள் சொல்லும் செய்தி. நீங்கள் வாய் திறந்து விளக்காவிட்டால் அந்தச் செய்தியை அவன் தானாகவே படித்துக்கொள்வான்.

இந்த ஆண்டு முதல் ஏப்ரல் மாத வாயிலும் இல்லை. முன்பெல்லாம் வசந்தகாலப் பயிற்சியில் ஒருவன் முழங்காலை முறித்துக்கொண்டால், அதே மாதத்தில் போர்ட்டலில் இன்னொருவனைத் தேடலாம். இனி அது முடியாது என்பதால் ஜனவரியிலேயே எல்லா அணிகளும் வேண்டியதற்கு மேல் அள்ளுகின்றன. நீங்களும் அப்படித்தான் செய்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் டிசம்பர் வரை உங்களுக்குக் கிடைக்கக்கூடியவர்கள் இந்த 15 பேர்தான் என்றால், அந்த ஏழு பேரில் ஒருவர்கூட மனம் உடையாமல் இருப்பது, வந்த ஐந்து பேரின் வேகத்தைவிட உங்களுக்கு அவசியமாகிறது. வந்தவர்களில் மூன்று பேருக்கு இன்னும் ஓர் ஆண்டுத் தகுதிதான் மிச்சம் என்று சொன்னாய். அடுத்த ஜனவரியில் அந்த மூன்று இடங்கள் மறுபடியும் காலியாகும். அவற்றில் நிற்க வேண்டியவன் இப்போதே உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனைப் பற்றி அக்டோபரில் என்னிடம் சொன்னாய்: மூன்றாவது கார்னர்பேக்காக இருந்தான், கிக்-ஆஃப் தடுப்புக் குழுவில் ஒவ்வொரு வாரமும் முதலில் போய் நின்றான், தடுப்பு முறைகளின் பெயர்களை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான் என்று. இப்போது அவனுக்கு முன்னால் இரண்டு புதிய பெயர்கள் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை நீ அவனைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. அவனிடம் யாராவது பேசினார்களா? பேசவில்லை என்றால் உன் மேலதிகாரியிடம் சொல், இடத்துக்குப் பொறுப்பான பயிற்சியாளரிடம் சொல். ஓர் ஆட்டத்துக்கு 15 ஸ்னாப்பாவது அவனுக்கு உறுதியாக உண்டு என்றால் அதை இப்போதே அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல். இல்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல். பொய் நம்பிக்கை கொடுத்து ஆகஸ்ட் வரை வைத்துக்கொள்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் தீங்கு. அவனுக்கும் எங்கோ ஒரு தாய் தகப்பன் இருக்கிறார்கள்.

அம்மா பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் தனியாக அனுப்பியிருக்கிறாள். ஏப்ரல் மாதப் பயிற்சி ஆட்டத்துக்கு நாங்கள் இருவரும் காரிலேயே வருகிறோம். அந்தப் பையன் எந்த எண் சட்டை அணிகிறான் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா