காயா காய்க்கும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து நீ மறுபடியும் காலை நடை போகிறாய் என்பதறிந்து மகிழ்ந்தேன்.

சென்ற வாரம் மரக்காணம் போகும் வழியில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் இறங்கினேன். கோயிலுக்கு அஞ்சி யாரும் வெட்டாததால் பிழைத்திருக்கும், கீழைக் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காடு அது. அங்கே மிகுதியாக நிற்பது காயாதான். ஊரார் காசா என்கிறார்கள். 'செறியிலைக் காயா அஞ்சனம் மலர' என்று முல்லைப்பாட்டில் மனப்பாடம் செய்தோமே, அந்த மரத்தை நான் கண்டது இந்த வயதில்தான். பூக்கள் நுனிக்கொம்பில் அல்லாமல், இலை உதிர்ந்த பழைய கிளைகளின் கணுக்களை ஒட்டியே கொத்துக்கொத்தாக அப்பிக்கிடக்க, மரத்துக்கே நீலம் பூசியதுபோல் இருந்தது. திருமாலின் நிறத்துக்கு இதை ஏன் தேர்ந்தார்கள் என்று எவரும் விளக்கத் தேவையில்லை. பூப்பு சில நாள்களே நீடிக்குமாம். என் நல்ல நேரம்.

பாய் நெய்பவர்கள் கோரைக்குச் சிவப்பேற்றும்போது கடுக்காயோடும் பதிமுகக் கட்டையோடும் இதன் இலையைச் சேர்ப்பதுண்டு. இலையில் அலுமினியம் சேர்ந்திருப்பதால், சாயத்தை நாரில் பிடிக்கவைக்கும் படிகாரத்தின் வேலையை அதுவே செய்துவிடுகிறது.

இனி நம் பழைய வழக்குக்கு வருகிறேன். காய்க்காததால்தான் அதற்குக் காயா என்று பெயர் என நீ தமிழ் வகுப்பில் அடித்துச் சொன்னாய். மறுக்க வழியறியாத நான் கடலைமிட்டாய்ப் பந்தயத்தில் தோற்றேன். மரம் காய்க்கிறது, நண்பா! தலையில் சிறு கிரீடம் வைத்தாற்போன்ற உருண்டைக் கனிகள், முற்றினால் கருநீலமாகின்றன. பறவைகள் விரும்பித் தின்கின்றன. வேடிக்கை என்னவென்றால், ஆப்பிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரை முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட இந்தப் பேரினத்துக்கு தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த மெமிசிலான் என்ற பெயர், கிரேக்கர் வேறொரு மரத்தின் கனிக்கு வழங்கிய சொல்லிலிருந்து எடுத்தது. அவர் கனியைப் பார்த்துப் பெயரிட்டார். நீயோ பெயரைப் பார்த்துக் கனியே இல்லை என்றாய்.

அடுத்த முறை வரும்போது அந்தக் கடலைமிட்டாயை மறவாமல் கொண்டுவா. வட்டி கேட்கமாட்டேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்