தாள்களை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வீட்டிற்குள் தண்ணீர் புகுந்த அந்த இரவை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அமெரிக்காவின் மொஹீகன் பழங்குடியின் மூலிகை மருத்துவராகவும் மூத்த தலைவராகவும் விளங்கிய கிளாடிஸ் டான்டக்விட்ஜனின் வாழ்க்கையைத் தமிழில் எழுதுவதற்காக நான் சேர்த்திருந்த கையெழுத்துக் குறிப்புகள் இன்று உலர்ந்து, வரிசை குலையாமல் என் மேசைமீது இருக்கின்றன. ஓரங்கள் நெளிந்து, சில இடங்களில் மை பரவியிருந்தாலும் படிக்க முடிகிறது. அந்த நிம்மதி ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு அம்மையாருக்கே முதல் வணக்கம். அவருக்குத் தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. குழந்தைகளையும் மாமியாரையும் பத்திரமான இடத்தில் சேர்க்க நாங்கள் அலைந்துகொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே அந்த ஈரக் குறிப்புக் கட்டைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்று, ஒட்டிக்கிடந்த தாள்களை மழுங்கிய கத்தியின் நுனியால் ஒவ்வொன்றாகப் பிரித்து, இடையிடையே ஈரம் உறிஞ்சும் காகிதம் வைத்து, அது நனைய நனைய மாற்றி, சாப்பாட்டு மேசை முழுவதும் பரப்பி உலர்த்தியிருக்கிறார். கிழிந்தவற்றை ஓரத்தோடு ஓரம் பொருத்திப் பார்த்துச் சேர்த்திருக்கிறார். பேருந்துச் சீட்டின் பின்புறம் நான் கிறுக்கியிருந்த இரண்டு வரிகூட ஓர் உறைக்குள் பத்திரமாக இருந்தது. எது முக்கியம், எது வேண்டாதது என்று தமக்குத் தெரியாததால் எதையும் எறியவில்லை என்றார்.

அவர் அப்படிச் சொன்னதும் என் மனம் கிளாடிஸிடம் போய்விட்டது. 1899இல் பிறந்த அவர், குலத்தின் மூத்த பெண்களிடம் மூலிகை அறிவைப் பெற்று, 1919 முதல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பிராங்க் ஸ்பெக்கிடம் மானுடவியல் பயின்றவர். தந்தை ஜான், தம்பி ஹெரால்ட் ஆகியோருடன் 1931இல் கனெக்டிகட் மாநிலத்து அன்கஸ்வில்லில் அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கியவர். தம் மக்களிடையே நடந்த பிறப்பு, பட்டமளிப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பற்றிய கடிதங்களையும் தாள்களையும் டப்பர்வேர் டப்பாக்களில் இட்டுத் தம் கட்டிலுக்கு அடியில் அவர் வைத்திருந்தார். தாங்கள் இடையறாது ஒரு சமூகமாக வாழ்ந்து வந்திருக்கிறோம் என்பதை அமெரிக்க மத்திய அரசுக்கு ஆவணங்களோடு மெய்ப்பிக்க வேண்டிய நிலை மொஹீகன்களுக்கு வந்தபோது, அந்தத் தாள்களே கைகொடுத்தன. 1994இல் அங்கீகாரம் கிடைத்தபோது அவருக்கு வயது 94. என் நூலின் நடு அதிகாரத்தை மூலிகைகளுக்கென்றே ஒதுக்கியிருந்தேன். இப்போது அந்த இடத்தை டப்பாக்களுக்குக் கொடுக்க முடிவு செய்திருக்கிறேன். மருந்து கொடுத்து உடலைப் பேணியவர், தாள்களைக் காத்து ஒரு குலத்தின் உரிமையையும் பேணினார் என்பதை இதுவரை நான் எழுதியவற்றில் போதிய அழுத்தத்தோடு சொல்லவில்லை என்று இப்போது படுகிறது.

தங்க இடம் தந்த நண்பர் குடும்பத்துக்கும், வேளை தவறாமல் சோறு கொண்டுவந்த தமிழ்ச் சங்கத்துச் சகோதரிகளுக்கும், பள்ளிச் சீருடையும் புத்தகங்களும் வாங்கித் தந்தவர்களுக்கும், சேற்றை வாரி வெளியே கொட்டிய இளைஞர்களுக்கும், ஊரிலிருந்து தொலைபேசியில் விடாமல் விசாரித்த உறவினர்களுக்கும் நாங்கள் என்றென்றும் கடமைப்பட்டவர்கள்.

மீண்ட குறிப்புகள் அனைத்தையும் இந்த மாதத்துக்குள் படியெடுத்து, ஒரு பிரதியை என் தங்கையின் வீட்டில் வைக்கப்போகிறேன். நூல் அச்சானதும் முதல் படி அந்த அம்மையாருக்கே. அவரால் அதைப் படிக்க இயலாது என்பதால், அவருடைய மேசையருகே அமர்ந்து அதிகாரம் அதிகாரமாக ஆங்கிலத்தில் சொல்லித் தருவதாக வாக்களித்திருக்கிறேன். கிளாடிஸ் 106 வயது வரை வாழ்ந்தவர் என்பதைக் கேட்ட நாளிலிருந்து, அவருடைய கதையை எப்போது தொடங்குவோம் என்று அம்மையார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.