செல்வம் அண்ணனின் கட்டைவிரல்

மேற்கு மாம்பலம்
ஞாயிறு மதியம்

அடி கவி,

திட்டாதே. உன் குரல் செய்தி வந்து எட்டு மாதம் ஆகிறது. நாலு தடவை கேட்டுவிட்டேன், நாலு தடவையும் ‘ராத்திரி பதில் போடலாம்’ என்று வைத்துவிட்டேன். ராத்திரி இங்கே எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? களிமண் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி ஒவ்வொரு ஃபிரேமாகப் படம் எடுக்கிற பிழைப்பு. ஷாட் பாதியில் நிற்கும், பொம்மையின் ஒரு கால் அந்தரத்தில் இருக்கும், போட்டது போட்டபடி எழுந்துபோக முடியாது.

ஊர்ச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். மாமிக்கு முட்டி ஆபரேஷன் ஆயிற்று. நன்றாகவே ஆகியிருக்கிறது, இப்போது மாடி ஏறி வந்தே வாடகை கேட்கிறாள். நாம் சுறா என்று கூப்பிடுவோமே, அது கல்யாணம் பண்ணிக்கொண்டது, அதுவும் சுத்த சைவப் பெண்ணை. போன மே மாதம் ஏசி மூன்று நாள் படுத்துவிட்டதில் நம் டிராம் படத்துத் தாத்தா பொம்மையின் மூக்கு உருகி உதட்டைத் தொட்டுவிட்டது. உன் அப்பாவின் பழைய நிக்கான் லென்ஸ் பத்திரமாக இருக்கிறது. புது லென்ஸ் போட்டால் ஒவ்வொரு கிளிக்குக்கும் துளை ஒரு மயிரிழை கூடக் குறையத் திறந்து படம் மினுக்குகிறது. கையால் திருப்பி வைத்தால் வைத்த இடத்தில் நிற்கிற அந்தக் கிழட்டு லென்ஸ்தான் இன்றைக்கும் சோறு போடுகிறது.

சொல்ல வந்தது வேறு.

பிப்ரவரியில் ஒரு முறுக்குக் கம்பெனி வந்தது. 20 நொடி விளம்பரம். பாட்டி முறுக்கு பிழிவாள், முறுக்கு தட்டிலிருந்து குதித்து ஓடும். படம் வரைந்து அனுப்பி, விலையும் சொல்லியாயிற்று. இரண்டு நாள் கழித்து ஏஜென்சிப் பையன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்புகிறான். என் பாட்டியேதான். அதே மூக்குத்தி, அதே கோணல் கொண்டை, களிமண் உடம்போடு உட்கார்ந்து முறுக்கு பிழிகிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏஐயிடம் கொடுத்து வாங்கினானாம். “இந்த லுக்தான் மேடம். உங்க ரேட்டுல பாதிக்கு முடியுமா?”

கன்னத்தில் கட்டைவிரல் ரேகைகூட இருந்ததுடி.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. மட்டமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நம் பொம்மைகளைச் செய்கிற செல்வம் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “தொட்டா ரேகை மாறணும்மா. இது மச்சம் மாதிரி ஒட்டிக்கிட்டே வருது.”

எனக்கு அது தோன்றவே இல்லை! நொடிக்கு 12 தடவை தொடுகிறோம். இந்த ஃபிரேமில் கன்னத்தில் இருக்கிற ரேகை அடுத்ததில் தாடைக்குப் போகும், அதற்கடுத்ததில் காணாமல் போகும். 1933-ல் கிங் காங் எடுத்தார்களே, அந்தக் குரங்குப் பொம்மைக்குப் போர்த்தியது முயல் தோல். நகர்த்தினவர் விரல் பட்டுப் பட்டு முடி கலைந்ததால்தான் திரையில் அது சும்மா நிற்கும்போதுகூட ரோமம் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். நீ அங்கே வான்கூவரில் ஆபீஸ் போட்டு கம்ப்யூட்டரில் முடி அலையவிடுகிறாயே, அது அவர்களுக்குப் பிழையாகவே வந்து சேர்ந்தது.

நாமோ அந்தப் பிழையைத் துடைக்கிறதற்கே பதினோரு வருஷத்தைச் செலவழித்தோம். குழந்தைக்குத் துடைக்கிற ஈர டிஷ்யூ மாதம் எத்தனை பாக்கெட்! தாத்தாவின் பிடரியில் நீ பதித்துவிட்டுப் போன கட்டைவிரல் இன்னும் அப்படியே இருக்கிறது, துடைடி என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். எண்ணெய்க் களிமண் காயவும் காயாது, நீ செய்த அட்டூழியத்தை மறக்கவும் மறக்காது.

முறுக்கு போயிற்று. பாதி விலைக்கு ஒத்துக்கொண்டால் அடுத்தவன் கால் விலை கேட்பான்.

ஏப்ரலில் ஒரு சோப்பு வந்தது. கையால் செய்கிற சோப்பாம். எருமை ஒன்று சோப்பு தேய்த்துக் குளிக்கும், அதுவும் 20 நொடிதான். அவர்கள் போட்ட நிபந்தனையைக் கேள்: “கைரேகை நல்லா தெரியணும் மேடம். இல்லேன்னா ஏஐன்னு கமெண்ட்ல கிழிச்சிடுவாங்க.” நாங்கள் எப்படி எடுத்தோம் என்று தனியாக ஒரு மேக்கிங் வீடியோவும் வேண்டுமாம். எந்த ரேகைக்காக முன்பெல்லாம் ரீடேக் கேட்டார்களோ, அதற்கு இப்போது கூடுதலாகக் காசு! சரி அண்ணே, இனிமேல் துடைக்காதீங்க என்றேன். அவர் கை கேட்கவில்லை, தானாகப் போய்த் தடவிவிடுகிறது. இரண்டு நாள் அதை அடக்கிப் பழகினார். டெஸ்ட் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் எருமை முழுக்கப் பள்ளம் இருக்கிறது, ரேகை ஒன்றுகூட இல்லை.

விளக்கடியில் அவர் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தேன். வழவழவென்று, ஆற்றில் கிடந்த கூழாங்கல் மாதிரி. கொசப்பேட்டையில் பன்னிரண்டு வயதிலிருந்து பிள்ளையாருக்கு மண் பிசைந்து, உப்புத்தாள் தேய்த்த கை. அவர் சிரித்தார். “ரேஷன் கடை மிஷினே எடுக்காதும்மா. மாசாமாசம் என் வீட்டுக்காரிதான் போய் கை வெக்கிறா.”

இத்தனை வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை பார்.

அப்புறம் என்ன செய்தேன் என்று கேட்கிறாயா? அவர் எருமையை நகர்த்துவார், நான் எழுந்து போய்க் கன்னத்தில் ஒன்று, கொம்புக்குப் பக்கத்தில் ஒன்று என்று என் கட்டைவிரலை அமுக்கிவிட்டு வருவேன். 240 தடவை. “கையெழுத்து போட ஆபீசர் வர்ற மாதிரி வர்றீங்களே” என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்ததில் கேமரா முக்காலி ஆடி, ஒன்றரை நாள் வேலை போயிற்று. கால்களைத் தரையோடு பசை வைத்து ஒட்டு என்று நீ சொன்னதை நான் எப்போது கேட்டேன்.

மேக்கிங் வீடியோ எடுக்க அவர்கள் ஆள் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ரேகை பதிகிற கையைத்தானே எடுப்பார்கள்? என் கையை எடுத்தார்கள், கிட்டப் போய், மெதுவாக, வீணை இசையோடு. செல்வம் அண்ணன் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஓரமாகத் தெர்மோகோல் பிடித்து எனக்கு வெளிச்சம் காட்டினார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை கவி. பணம் வரவேண்டியிருந்தது, மாமிக்கு மூன்று மாத பாக்கி, எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நிமிஷம் அதையெல்லாம் நினைத்து நான் வாயை மூடவில்லை. எனக்குச் சும்மா பிடித்திருந்தது, கேமரா என் கையைப் பார்ப்பது. படம் வெளியானதும் பேத்திக்குக் காட்ட வேண்டும் என்று அவர் போனில் ஏற்றித் தரச் சொன்னார். ஏற்றிக் கொடுத்தேன். அதில் அவர் இல்லை.

அவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் போனது. வேறு யாரிடம் சொல்ல, உன்னிடம் சொல்கிறேன்.

சோப்புப் பணம் வந்துவிட்டது. இரண்டு மாதம் தள்ளலாம். பாதியில் நிற்கிற நம் டிராம் படத்தை மறுபடி எடுக்கப்போகிறேன். சிரிக்காதே. 1981-ல் தொடங்கிய படத்தையே ரஷ்ய அனிமேஷன்காரர் நார்ஷ்டைன் இன்னும் முடிக்கவில்லை என்று நீதான் எனக்குச் சமாதானம் சொல்லுவாய். அவருக்கு மாமி இல்லை. ஏழு நிமிஷத்தில் இன்னும் 130 நொடி பாக்கி. நாளுக்கு மூன்று நொடி கிடைத்தால் 44 நாள். 1953-ல் மதராஸில் டிராம் நின்றுபோன அந்த ராத்திரி, தாத்தா ஷெட்டில் வண்டியை விட்டுவிட்டு மணிக்கயிற்றைத் தொட்டுப் பார்க்கிற கடைசி சீன். அதை நான் நகர்த்தப்போவதில்லை, செல்வம் அண்ணன் நகர்த்தட்டும் என்றேன். “நான் பொம்மை பண்றவன்மா, ஆட்டறவன் இல்ல” என்று தட்டிக்கழித்தார். சாயங்காலம் பார்த்தால் கதவைச் சாத்திக்கொண்டு தாத்தாவின் கையை மட்டும் தூக்கி இறக்கிப் பழகிக்கொண்டிருக்கிறார். நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

நேற்று டிராயரைத் திறந்தேன். பேசுகிற ஒலிக்குத் தக்கபடி மாற்றி மாட்டுகிற தாத்தாவின் 14 வாயும் இருக்கின்றன. ம வாய் தேய்ந்து மெலிந்துவிட்டது, வேறு செய்ய வேண்டும். ஃப வாய் மட்டும் செய்த அன்று போலப் புத்தம் புதிதாக இருக்கிறது. மொத்த வசனத்திலும் ‘ஆஃபீஸ்’ ஒரே ஒரு தடவை வருகிறது, அதற்காக இரண்டு நாள் உட்கார்ந்து பல் வரிசை செதுக்கினாயே, புண்ணியவதி.

இப்போது வேலைக்கு வருகிறேன். ஷெட் சீனின் முதல் ஷாட்டுக்கு நீ லைட் வைத்த படம் உன் நீல நோட்டில்தான் இருக்கிறது. டிராமுக்குள்ளே இருக்கிற விளக்கு இடது பக்கமா, ஓட்டுநர் முதுகுக்குப் பின்னாலா? விளக்குக்கு மஞ்சள் தாள் ஒன்றா இரண்டா? எடுத்த ஃபிரேமைப் பார்த்து நானே வைத்துப் பார்த்தேன், நிழல் மணிக்கயிற்றின் மேல் விழுந்து தொலைக்கிறது. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. புதன்கிழமைக்குள் வேண்டும், வியாழன் அண்ணன் தொடங்குகிறார்.

உன்
சுமதி

பி.கு.: நீ போகும்போது மின்சாரக் கட்டணம் 640 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனாயாம். மாமி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், காட்டினாள்.