முடக்குவாதத்துக்கு பி.சி.ஜி. ஊசியைக் குற்றம் சொல்ல வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் முடக்குவாதம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். காசநோய்க் கிருமியிலுள்ள வெப்ப அதிர்ச்சிப் புரதமும் நம் உடலிலுள்ள அதே வகைப் புரதமும் ஒத்திருப்பதால், கிருமியை எதிர்க்கக் கிளம்பும் டி செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) ஆள் மாறி மூட்டைத் தாக்குகின்றன என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அதையொட்டி, பிறந்த குழந்தைக்குப் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. பின்னாளில் மூட்டு நோய்க்கு வழி செய்யுமோ என்ற ஐயமும், இந்தப் புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியை ரத்தத்தில் அளந்து பார்க்கலாம் என்ற யோசனையும் இருந்தன. இரண்டையும் மறுக்க வேண்டியிருக்கிறது. கட்டுரை சொல்வது 1980-களில் எழுந்த ஒரு கருத்து. அதை முன்வைத்து ஆராய்ந்தவர்களே சில ஆண்டுகளில் அதிலிருந்து வெகுதூரம் நகர்ந்துவிட்டார்கள். அந்தப் பிற்பகுதி கட்டுரையில் இல்லை.

முதலில் புரதத்தைப் பற்றி. சூடு, ஆக்சிஜன் குறைவு, அழற்சி என்று எந்த நெருக்கடி வந்தாலும் செல்லுக்குள் மற்ற புரதங்கள் உருக்குலையாமல் தாங்கிப் பிடிப்பது இவற்றின் வேலை. 1962-இல் இத்தாலியரான ரிட்டோசா பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் வெப்பத்துக்கு மரபணுக்கள் காட்டும் எதிர்வினையைக் கண்டதால் இந்தப் பெயர் வந்தது. எச்.எஸ்.பி. என்பது இதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்; பின்னால் வரும் எண், கிலோடால்டன் என்ற மூலக்கூறு எடை அலகில் அதன் எடை. மனித செல்லில் இருப்பது எச்.எஸ்.பி.60, காசநோய்க் கிருமியில் அதற்கு இணையானது எச்.எஸ்.பி.65. இரண்டின் அமினோ அமில வரிசையில் ஏறத்தாழ பாதி ஒன்றே. மீதிப் பாதி வேறு. இந்தக் கணக்கை மறக்காமல் மேலே படிக்க வேண்டும்.

சந்தேகம் எலியில்தான் தொடங்கியது. எலிக்குச் செயற்கையாக மூட்டழற்சி வரவழைக்கும், 1956-இல் கார்ல் பியர்சன் விவரித்த சோதனை முறை அது. வெப்பத்தால் கொன்ற காசநோய்க் கிருமியை நன்றாக அரைத்து, கனிம எண்ணெயில் கலந்து, லூயிஸ் வகை எலியின் வாலடித் தோலுக்குள் செலுத்துவார்கள். வழக்கமான அளவு 0.1 மி.லி.; அதில் ஏறக்குறைய 1 மி.கி. கிருமி. பத்துப் பன்னிரண்டு நாளில் பாதங்கள் வீங்கத் தொடங்கும். ஒவ்வொரு பாதத்துக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 16. மூன்றாவது வாரவாக்கில் உச்சம் தொட்டு, பிறகு வீக்கம் தானாகவே வடியும். எண்ணெய் இல்லாமல் அதே கிருமியை நீரில் கலந்து கொடுத்தால் மூட்டு வீங்காது. எலியின் இனத்தை மாற்றினாலும் முடிவு மாறிவிடும்.

இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் இருன் கோஹன் குழுவினர் இத்தகைய எலியிலிருந்து ஏ2பி என்ற டி செல் குலத்தை (ஒரே செல்லிலிருந்து பெருகிய செல்களை) பிரித்தெடுத்தார்கள். கதிர்வீச்சுக்கு உட்படுத்திய வேறு எலிக்கு அதைச் செலுத்தியதும் மூட்டழற்சி வந்தது. அந்தச் செல் கிருமியில் எதை அடையாளம் காண்கிறது என்று தேடியபோது, எச்.எஸ்.பி.65-இன் 180 முதல் 188 வரையிலான ஒன்பது அமினோ அமிலங்கள் என்று 1988-இல் தெரிந்தது. கட்டுரை இந்த இடத்தில் நின்றுவிட்டது.

ஆனால் அந்த ஒன்பது அமினோ அமிலத் துண்டு, எலியின் சொந்த எச்.எஸ்.பி.60-இல் அப்படியே இல்லை. கிருமிக்கும் எலிக்கும் வேறுபடுகிற பாதியில்தான் அது இருக்கிறது. ஏ2பி செல் எலியின் எச்.எஸ்.பி.60-ஐக் கண்டுகொள்வதே இல்லை. அது ஆள் மாறிப் பார்ப்பதாகச் சொல்லப்பட்டது, குருத்தெலும்பிலுள்ள புரோட்டியோகிளைக்கான் என்ற வேறொரு பொருளை. ஆகவே ‘இரண்டு வெப்ப அதிர்ச்சிப் புரதங்களும் ஒத்திருப்பதால் தாக்குதல்’ என்ற வாதத்துக்கு ஆரம்ப ஆய்விலேயே இடமில்லை. அதைவிட முக்கியம், எச்.எஸ்.பி.65-ஐ மட்டும் தனியாகச் செலுத்தினால் எலிக்கு மூட்டழற்சி வரவில்லை. முன்கூட்டியே அதைச் செலுத்திய எலிகள், பிறகு கிருமியும் எண்ணெயும் கொடுத்தபோது நோயிலிருந்து தப்பின.

அந்தக் கிருமிக்கு மட்டும் உடல் பழகிவிட்டது என்று இதற்கு விளக்கம் சொல்ல முடியாது. ஏனென்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் செல்சுவர், அவ்ரிடின், சுண்டெலிகளில் பிரிஸ்டேன் என்று காசநோய்க் கிருமிக்குத் தொடர்பே இல்லாத பொருள்களால் வரவழைக்கும் மூட்டழற்சியையும் அந்த முன்னூசி தடுத்தது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது அழற்சி கண்ட மூட்டு. அங்கே விலங்கின் சொந்த எச்.எஸ்.பி.60 அதிகமாக உருவாகிறது. 1995-இல் ஆண்டர்டன், வான் ஈடன் குழு இதை நேரடியாகச் சோதித்தது. எச்.எஸ்.பி.65-இன் 256 முதல் 265 வரையிலான துண்டு கிருமிக்கும் எலிக்கும் நெருக்கமாக ஒத்த பகுதி. அதைக் கொடுத்தால் எழும் டி செல்கள் எலியின் சொந்தப் புரதத்தையும் அடையாளம் கண்டன; எலியைக் காத்தன. சொந்தப் புரதத்தை அறியும் செல் அடக்குகிறது, அறியாத செல் தாக்குகிறது. கட்டுரை சொன்னதற்கு இது நேர் எதிர்.

மூடிய சூழலில் கிருமியே படாமல் வளர்க்கும் ஃபிஷர் என்ற இன எலிகளும் இதையே காட்டின. சாதாரணச் சூழலில் வளரும் ஃபிஷர் எலிக்கு இந்த மூட்டழற்சி எளிதில் வராது. கிருமியற்ற சூழலில் வளர்ந்ததற்குக் கடுமையாக வரும். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் இந்தப் புரதங்களை நாள்தோறும் காட்டிக்கொண்டிருப்பது அடக்கும் செல்களை வளர்ப்பதாலேயே இப்படி என்று கருதுகிறோம்.

மனிதர்களில், சிறார் மூட்டழற்சியில் கிடைத்த தரவு வலுவானது. ஒன்றிரண்டு மூட்டுகளில் மட்டும் வந்து பெரும்பாலும் அடங்கிவிடும் வகையில், குழந்தையின் டி செல்கள் சொந்த எச்.எஸ்.பி.60-க்கு நன்றாக வினைபுரிந்து ஐ.எல்.-10 போன்ற, அழற்சியை அடக்கும் சைட்டோகைன்களை (செல்களிடையே செய்தி சொல்லும் புரதங்களை) சுரக்கின்றன. அந்த வினை தென்பட்ட குழந்தைகளுக்கு நோய் தணியும் போக்கே இருந்தது.

இதை மருந்தாக்கும் முயற்சிகளும் நடந்தன. ஈ.கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ.ஜே. என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதத்திலிருந்து எடுத்த சிறு துண்டை, முடக்குவாதம் உள்ள 160 பேரிடம் தினம் 25 மி.கி. வாய்வழியாக ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள்; ஒரு பிரிவினருக்குப் போலி மாத்திரை. 2009-இல் முடிவு வந்தது. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கும் டி செல்கள் குறைந்தன. நோயாளிகளின் முன்னேற்றத்திலும் வேறுபாடு தெரிந்தது, ஆனால் பிற்பாடு வேறொரு கணக்கு முறையில் பார்த்தபோதே அது உறுதிப்பட்டது. 24 பேரில் சிலருக்குப் போலி மருந்தும், மற்றவர்களுக்கு பி.ஐ.பி. என்ற மற்றொரு புரதத்தை 1, 5, 15 மி.கி. அளவுகளிலும் ஒரே ஒரு முறை ரத்தக் குழாய் வழியாகச் செலுத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. பாதுகாப்பைப் பார்ப்பதே அதன் முதல் நோக்கம். இவற்றை நம்பி யாரும் முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை நிறுத்தக் கூடாது.

இத்துறையின் பழைய ஆய்வுகளைப் படிப்பவர்கள் ஒரு பெரிய பிசகை அறிந்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இந்தப் புரதங்களை ஈ.கோலையில்தான் வளர்த்தெடுப்பார்கள். அந்தப் பாக்டீரியாவின் உறையிலுள்ள, அழற்சியைத் தூண்டும் எண்டோடாக்சின் என்ற நச்சு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ‘எச்.எஸ்.பி.60 தானே அழற்சியைத் தூண்டுகிறது’ என்று வந்த பல முடிவுகள் இந்தக் கலப்பால் வந்தவை என்று 2003 வாக்கில் வெளிப்பட்டது. சோதிக்க வழி இருக்கிறது. புரதக் கரைசலைக் கொதிநிலையில் வைத்தால் புரதம் செயலிழக்கும், எண்டோடாக்சின் பெரும்பாலும் தாங்கும். கொதிக்க வைத்த பிறகும் செல்கள் டி.என்.எஃப். சுரந்தால் கலப்பைச் சந்தேகிக்க வேண்டும். பாலிமிக்சின் பி என்ற மருந்தைச் சேர்த்துப் பார்ப்பதும் உண்டு, ஆனால் அது எண்டோடாக்சினை மட்டும் பிடிக்கும். பாக்டீரியாவின் லிப்போபுரதங்களை விட்டுவிடும். ஆகவே அது மட்டும் போதாது. எண்டோடாக்சினை அளக்கும் லிமுலஸ் சோதனையின் அளவைக் குறிப்பிடாத ஆய்வை நாங்கள் ஏற்பதில்லை.

ஆன்டிபாடி பரிசோதனைக்கு வருவோம். எச்.எஸ்.பி.65-க்கு எதிரான ஆன்டிபாடி ஆரோக்கியமானவர்களிடமும் காசநோயாளிகளிடமும் இருக்கும். காசநோய்த் தொற்று பரவலாக உள்ள நம் நாட்டில் அதன் அளவை வைத்து முடக்குவாதத்தைக் கண்டறிய முடியாது. ஆறு வாரத்துக்கு மேல் சிறு மூட்டுகளில் வீக்கமும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கமும் இருந்தால் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சி.சி.பி., ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து மூட்டுவாத மருத்துவரிடம் போகட்டும். பணத்தை அங்கே செலவிடலாம்.

பி.சி.ஜி. ஊசியில் கனிம எண்ணெய் கிடையாது. ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 0.05 மி.லி., இடது மேல்கைத் தோலுக்குள், ஒரே முறை. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று செங்கற்பட்டில் நடந்த பெரிய பி.சி.ஜி. ஆய்வு காட்டியது உண்மைதான்; ஆனால் குழந்தைகளை மூளை உறைக் காசநோயிலிருந்து காப்பது அதே ஊசிதான். அதைத் தவிர்க்கச் சொல்வது ஆபத்து.

பி.சி.ஜி.யால் மூட்டு வீங்குவதே இல்லையா என்று கேட்டால், உண்டு. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு உயிருள்ள பி.சி.ஜி.யைப் பையினுள் வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் செலுத்தும்போது, நூற்றில் ஒருவர் அளவுக்கு மூட்டழற்சி வரக்கூடும். அளவும் வழியும் வேறு. பெரும்பாலும் சிகிச்சையை நிறுத்தி வலி நிவாரணி கொடுத்ததும் தணிந்துவிடுகிறது. நம் ஊர் மருத்துவர்கள் அதிகம் யோசிக்க வேண்டியது போன்செட் நோயை. உடலில் வேறெங்கோ காசநோய் இருக்க, மூட்டில் கிருமியே இல்லாமல் பல மூட்டுகள் வீங்கும். காசநோய் மருந்தால் சரியாகும். முடக்குவாதம் என்று நினைத்து ஸ்டீராய்டு தொடங்கினால் உள்ளிருக்கும் காசநோய் பரவிவிடலாம். முடக்குவாதத்துக்குத் தரும், டி.என்.எஃப்.-ஐ முடக்கும் ஊசிக்கு முன்பும் மார்பு எக்ஸ்ரேயும், காசநோய்த் தொற்றைக் காட்டும் மான்டூ அல்லது ஐ.ஜி.ஆர்.ஏ. சோதனையும் கட்டாயம் எடுக்க வேண்டும்.

பி.சி.ஜி. பற்றிய அந்த வரிக்கு, கட்டுரை வந்த அதே பக்கத்தில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நோயெதிர்ப்பியல் ஆசிரியர்கள் இருவர்,
மதுரை